டயாலிசிஸில் இருக்கும் நான் மகளின் நிக்காஹுக்காக 38 நாள் ஊருக்கு வர முடியுமா?

கேள்வி: அளவுக்குவளை (கீழக்கரை / துபாய்)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எனக்கு வயது 53. சொந்த ஊர் கீழக்கரை. 24 ஆண்டுகளாகத் துபாயில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊர் வழக்கில் சொன்னால் பழைய சபுராளி, அதாவது கடல் கடந்து பிழைப்பவன். பதினைந்து ஆண்டுச் சர்க்கரையும், தலைவலிதானே என்று நான் அலட்சியம் செய்த இரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் முடக்கிவிட்டன. கடந்த 19 மாதங்களாக வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. இடது முன்கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் மாலைகள் என்னுடைய முறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உடல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நானே கேட்டு வாங்கிய நாள்கள் இவை.

என் அன்றாடத்தைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். டயாலிசிஸ் நாளில் கடையிலிருந்து நேராக மையத்துக்குப் போய், எடை பார்த்து, ஊசி குத்திக்கொண்டு ஆறு மணிக்குப் படுத்தால், எல்லாம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். அறையில் நாங்கள் நால்வர். மற்ற மூவரும் விளக்கை அணைத்துப் படுத்திருப்பார்கள். என் பங்குக் குழம்பு மட்டும் உப்புக் குறைத்து, தனிக் கிண்ணத்தில் மூடி வைக்கப்பட்டிருக்கும். மறுநாள் காலை பத்து மணி வரை கணக்குப் புத்தகத்தில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இதையெல்லாம் முதலாளி பார்த்தும் பாராதவர் போல் இருக்கிறார். அவர் கொடுத்த வேலையால் விசா, விசாவால் காப்பீடு, காப்பீட்டால் இயந்திரம் என்று என் உயிர் ஒரு சங்கிலியில் தொங்குவதை நான் மறப்பதில்லை.

ஒரு நாளைக்கு எனக்கு அனுமதிக்கப்பட்ட நீர் 750 மில்லி லிட்டர். சிறுநீர் இன்னும் 250 மில்லி அளவுக்குப் போகிறது, அதோடு 500 சேர்த்து மருத்துவர் போட்ட கணக்கு இது. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து நிரப்பிவிடுவேன். தேநீர் குடித்தாலும் கஞ்சி குடித்தாலும் அதே அளவை அந்தப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டத்துக்காரனுக்கு இது பழகிப்போகும் என்று நினைத்தேன், பழகவில்லை.

வரும் ஜனவரியில் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். 38 நாள் விடுப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் இராமநாதபுரத்தில் இத்தனை நாளைக்கு இடையில் புகும் ஒருவனுக்கு டயாலிசிஸ் இடம் தருவார்களா, இங்கிருந்து என்னென்ன தாள்கள் கொண்டுவர வேண்டும், பயணத்தால் ஒரு முறை தவறிப்போனால் என்ன ஆகும், கல்யாண வீட்டுச் சாப்பாட்டை எப்படித் தாண்டுவது என்று எதுவும் தெரியவில்லை. இவற்றைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. என் மனைவிக்கும் மகளுக்கும் எல்லாம் தெரியும். 78 வயது உம்மாவுக்கு மட்டும் எனக்குச் சர்க்கரை என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் ஐந்தாறு மணி நேரம் நான் எங்கே போகிறேன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? கல்யாணம் முடியும் வரை மறைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரேயடியாக ஊருக்கே வந்துவிடுங்கள் என்கிறான் மைத்துனன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டும்.


மறுமொழி 1: இராம்நாடு டெக்னீஷியன்

ஐயா, வணக்கம். நான் இராமநாதபுரத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எந்த மையம் என்று இங்கே சொல்லவில்லை, ஆள் பிடிக்க வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுப்பில் வரும் சிலருக்கு ஊசி போட்டிருக்கிறேன். நீங்கள் தாராளமாக வரலாம். ஆனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே டயாலிசிஸ் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வந்து நிற்கிறார்கள்.

முதலில் நாள் கணக்கு. எனக்குத் தெரிந்த இங்குள்ள மையங்கள் ஞாயிறன்று அவசரத்துக்கு மட்டுமே திறப்பவை. ஆகவே உங்கள் ஞாயிறு, செவ்வாய், வியாழன் இங்கே செவ்வாய், வியாழன், சனி என்று மாற வேண்டியிருக்கும். வியாழன் இரவு அங்கே டயாலிசிஸ் முடித்து, வெள்ளி ஓய்வெடுத்து, அன்றிரவு மதுரைக்கு விமானம் ஏறினால் சனிக்கிழமை இங்கே படுத்துவிடலாம். இடையில் ஒரு நாள்தான் விடுபடும். திரும்பும்போது சனிக்கிழமை இங்கே முடித்து ஞாயிறு புறப்பட்டு, திங்களன்று ஒரு கூடுதல் முறை கிடைக்குமா என்று உங்கள் துபாய் மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டாலும் செவ்வாய் தவறக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து விடுபடும் அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் மூச்சுத்திணறலும் இதயத் தடுமாற்றமும் அதிகம் வருகின்றன. அந்த இடைவெளியை மூன்று நாளாக நீட்டுவதற்கு எந்தக் கல்யாணமும் காரணமாக இருக்கக் கூடாது.

தாள்களில் மிக முக்கியமானது உங்கள் மையத்தின் சிகிச்சைச் சுருக்கம். உலர் எடை (மிகை நீர் நீங்கிய உடல் எடை) எவ்வளவு, எந்த வகை டயலைசர் (இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி), இரத்த ஓட்ட வேகம், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் அளவு, டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியமும் கால்சியமும் எவ்வளவு, ஃபிஸ்டுலாவில் எந்த இடத்தில் எந்த அளவு ஊசி குத்துகிறார்கள், இரத்த அழுத்தம் எப்போது இறங்குகிறது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கடைசி மூன்று முறைகளின் பதிவுத் தாளையும் நகல் எடுத்து வாருங்கள். மருத்துவர் எழுதும் இரண்டு பக்கக் கடிதத்தைவிட அந்தத் தாள்கள்தான் எங்களுக்குப் பயன்படும். அத்துடன், புறப்படும் மாதத்தில் எடுத்த ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் இல்லாமல் எந்தப் பொறுப்பான மையமும் உங்களைப் படுக்க வைக்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தால் எதிர்ப்பொருள் அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் கூடுதல் ஊசி பற்றிக் கேளுங்கள். நீங்கள் திரும்பிப் போனதும் அங்கே மறுபடி பரிசோதிப்பார்கள், சில மையங்கள் சில வாரங்கள் தனி இயந்திரத்தில் வைக்கவும் கூடும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நான் சொல்வதை எங்கள் தொழிலில் உள்ள சிலர் விரும்பமாட்டார்கள். வளைகுடாவில் பெரும்பாலும் ஒரு டயலைசரை ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுகிறார்கள். இங்கே பல இடங்களில் அதே நோயாளிக்கு அதைக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி பயன்படுத்துவது வழக்கம். முறையாகச் செய்தால் அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் 16 அல்லது 17 முறைதான் வரப்போகிறீர்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் புதியது போடச் சொல்லிக் கேட்டு, அதற்கான விலையைக் கொடுத்துவிடுவது மனத்துக்கு நிம்மதி. மறுபயன்பாடுதான் என்றால் டயலைசர் மேல் ஒட்டியிருக்கும் பெயரை, படுப்பதற்கு முன், நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர் உங்கள் இரத்தத்துக்கு எதிர்ப்புறமாக, ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. நம் கடலோரத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணீரோ காவிரிக் குடிநீரோ எதுவானாலும் ஆர்.ஓ. வழியாகத்தான் இயந்திரத்துக்குப் போகும், அந்த ஆர்.ஓ. நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேட்டால் நல்ல மையத்தில் தேதி சொல்வார்கள், மற்ற இடத்தில் முகம் சுளிப்பார்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

நிக்காஹ் நாள் இன்னும் உங்கள் கையில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து இரவு தூங்கி எழுந்தால், ஞாயிறு முற்பகலுக்கு மேல் உடலில் நீரும் குறைவாக, தலையும் தெளிவாக இருக்கும். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு என்றாலும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், வெளிநாட்டுச் சம்பளக்காரர் அதை நம்பி வர வேண்டாம். அவசரம் என்றால் கீழக்கரையிலிருந்து நேராக இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. முன்போல மதுரை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எல்லா நேரத்திலும் இல்லை.

இரத்தச் சோகைக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி கொண்டுவருவதானால் கைப்பையில், குளிர்ப்பையில் வைத்து, மருத்துவர் கடிதத்தோடு எடுத்து வாருங்கள். அது உறையவும் கூடாது, வெப்பத்தில் கிடக்கவும் கூடாது. ஃபிஸ்டுலா இடது கையில் இருப்பதால் பெட்டியை வலது கையால் தூக்குங்கள்.


மறுமொழி 2: தொண்டிக் கடற்கரை

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். டெக்னீஷியன் தம்பி இயந்திரத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணவருக்கு ஆபத்து வந்தது இயந்திரத்தால் அல்ல, அடுப்படியால்தான்.

அவர் தம்மாமில் இருந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். அங்கே தனியாக இருந்தவரை ஒருவர் பார்த்து ஊட்டவும் இல்லை, ஒருவர் பார்த்துக் கெடுக்கவும் இல்லை. அளந்து குடித்து, அளந்து தின்று, இரு முறைக்கு இடையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் இருந்திருக்கிறார். முதல் விடுப்பில் வந்த நான்காம் நாள் இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். காலையில் எடை பார்த்தபோது ஐந்தேகால் கிலோ ஏறியிருந்தது. அவ்வளவும் அன்பு, தம்பி. மாமியார் வீட்டு இளநீர், என் தம்பி வீட்டு ஜூஸ், பார்க்க வந்தவர்கள் முன்னால் மரியாதைக்குக் குடித்த தேநீர், நான் ஆசை ஆசையாகச் செய்த கருவாட்டுக் குழம்பும் அதைத் தின்ற தாகத்துக்குக் குடித்த இரண்டு சொம்புத் தண்ணீரும். நானே என் கையால் செய்தது என்பதால் இதை இங்கே எழுத எனக்கு உரிமை உண்டு.

ஆகவே ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக உங்கள் மனைவியை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்: தாகம் தண்ணீரில் தொடங்குவதில்லை, உப்பில் தொடங்குகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் உங்கள் கண்ணில் படாமல் வைத்தால் பாதித் தண்ணீர் தானாகக் குறையும். உறவுக்காரர்கள் இந்துப்பு போட்டுச் சமைத்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள், இந்துப்பும் உப்புத்தான். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள், உங்களுக்கு அது உப்பைவிடக் கேடு. ருசிக்கு நம் முண்டு மிளகாய் இருக்கிறது, எலுமிச்சைச் சாறு சில துளி இருக்கிறது, பூண்டும் மல்லியும் இருக்கின்றன. ஒரு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வரும்.

காய்களைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் ஓரளவு அதில் போய்விடும். சத்தெல்லாம் போகிறதே என்று உங்கள் உம்மா அங்கலாய்ப்பார். ஆம், போவதற்காகத்தான் கொட்டுகிறோம். இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த எதிரிகள். ஜனவரி என்பதால் நுங்குக்காரன் வரமாட்டான், அந்த மட்டும் நல்லது. ஆனால் பனங்கிழங்குக் காலம் அதுதான், அவித்த வாசனைக்கு மயங்காதீர்கள். உங்கள் ஊர்த் தொதல் இருக்கிறதே, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அதை விரல் நுனியளவு வாயில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள், சர்க்கரைக்கும் அதுவே அதிகம்.

கல்யாணச் சாப்பாட்டில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிட்னிக்காரர் என்று சொல்லிக் கறியை நிறுத்திவிட்டு, தாளிச்சாவை ஊற்றுவார்கள். அது தலைகீழ். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புரதம் வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடுகிறது. பிரியாணியில் சோறும் இரண்டு மூன்று கறித்துண்டும் சாப்பிடுங்கள். தாளிச்சாவை விடுங்கள், அதில் பருப்பு, காய், புளி, உப்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட் இரத்தத்தில் சேராமல் பிடிக்கும் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்து, உண்ணும்போதே விழுங்குங்கள். வீட்டுக்கு வந்து மறந்துபோய் இரவில் விழுங்கினால் அது வீண்.

பார்க்க வருகிறவர்கள் நெருஞ்சில் கஷாயம், மூக்கிரட்டைச் சாறு, யாரோ ஒருவருக்கு டயாலிசிஸே நின்றுபோன சூரணம் என்று கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், குடிக்காதீர்கள். நல்ல மனத்தோடு கொண்டுவந்த கஷாயத்திலும் பொட்டாசியம் இருக்கும்.

உம்மா விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மறைத்தால் யார் காவல்? உங்கள் தட்டில் மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றுகிற கை அவருடையதுதான். காரணம் தெரியாத கையை நீங்கள் தடுத்துக்கொண்டே இருக்க முடியாது. நாங்களும் மாமியாரிடம் ஓராண்டு மறைத்தோம். இரண்டாம் விடுப்பில் என் கணவர், அவர் கையைப் பிடித்துத் தம் முன்கையில் ஃபிஸ்டுலா மேல் வைத்தார். வண்டு பறப்பதுபோல் உள்ளே அதிரும் அல்லவா, அதைத் தொட்டதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார், பிறகு தாமாகவே மறுபடி வைத்தார். இந்த அதிர்வு இருக்கும்வரை எனக்கு ஒன்றும் இல்லை, இது நின்றால் உடனே சொல்லுங்கள் என்றார் இவர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சுபுஹு தொழுகைக்குப் பிறகு அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது அவருடைய வேலையாகிவிட்டது. இளநீர் கொண்டுவந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் அவர்தான்.


மறுமொழி 3: பாம்பன் வாடைக்காற்று

சகோதரரே, நான் பாம்பனைச் சேர்ந்தவன். பஹ்ரைனில் 14 ஆண்டுகள் இருந்துவிட்டு, சிறுநீரகம் போன பிறகு ஊர் திரும்பியவன். தொண்டி அக்கா சொன்னதில் உப்புக் கணக்கெல்லாம் சரி. ஆனால் இன்னொரு பக்கத்தை அவர் சொல்லவில்லை. உம்மாவுக்குச் சொல்வதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டீர்களா? நம் கடற்கரையில் இந்தச் செய்தி மூன்றாம் வீட்டிலிருந்து நான்காம் வீட்டுக்குப் போவதற்குள் பரம்பரை நோய் என்று ஆகிவிடும். உங்களுடையது சர்க்கரையாலும் கொதிப்பாலும் வந்தது. அதை நீங்களே, நிக்காஹுக்கு முன், நேரடியாகச் சம்பந்தியிடம் சொன்னால் அது ஒரு தகவல். பின்னால் தெரிந்தால் அது ஒரு வழக்கு. என் தங்கை கல்யாணத்தில் நாங்கள் இதைத் தவறவிட்டு ஓராண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தோம்.

அடுத்து, உங்கள் மைத்துனர் சொல்லும் ஒரேயடியாகத் திரும்பும் யோசனை. நான் திரும்பியவன் என்பதால் அதைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் கல்யாண மாதத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். எல்லோரும் சுற்றி நிற்கும் 38 நாளை வைத்து, யாரும் சுற்றி நிற்காத அடுத்த பத்து ஆண்டுகளை அளக்க முடியாது. என் மச்சான் ஷார்ஜாவில் இருப்பதால் அமீரகத்துக் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். பணிக்கொடையாக முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் சட்டப்படி உண்டு. மொத்தம் இரண்டாண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. ஒரே இடத்தில் 24 ஆண்டுகள் என்றால் 675 நாள் சம்பளம் வரும். இது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும், படிகளுக்கு இல்லை. அந்தத் தொகையை எழுதி, அருகில் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் செலவையும், ஊசி மருந்துச் செலவையும், கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போய்வரும் வண்டிச் செலவையும் எழுதிப் பாருங்கள். கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் தங்கிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றாலும், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அமீரக விசா கைவிட்டுப் போகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்துகொள்வது வயிற்றுவழி டயாலிசிஸ். நாளைக்கு நான்கு முறை, இரண்டு லிட்டர் பையை வயிற்றுக்குள் இறக்கி, பழையதை வடிக்க வேண்டும். முறைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இயந்திரம் இல்லை, பாலம் தாண்டி ஓட வேண்டியதில்லை, ஊசி இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆனால் மாதத்துக்கு 120 பை என்றால் கால் டன் எடை, எங்கள் வீட்டில் பாதி அறை அதற்கே போய்விட்டது. பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கையை முழங்கை வரை கழுவி, முகக்கவசம் போட வேண்டும். வாடைக்காற்றில் மணலும் உப்பும் வீட்டுக்குள் வரும் பாம்பனில் அது சிறிய வேலை இல்லை. வடியும் நீர் கலங்கலாக வந்தால் வயிற்றுக்குள் தொற்று என்று பொருள், அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது. பையில் இருப்பது சர்க்கரைக் கரைசல் என்பதால் உங்களைப் போன்ற நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் அளவு மாறும். ஆகவே இதை ஒரு வழியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஊரில் இருக்கும்போது ஒரு சிறுநீரக மருத்துவரிடம் பேசிப் பாருங்கள், அவ்வளவுதான்.

அதே சந்திப்பில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவதைப் பற்றியும் கேளுங்கள். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் ஒழுங்காக நடக்கிறது. 53 வயது அதற்கு அதிகம் இல்லை.


கேள்வி கேட்டவர்: அளவுக்குவளை

மூவருக்கும் என் நன்றி. டெக்னீஷியன் தம்பி சொன்னபடி முதலில் இடத்தை உறுதி செய்தேன்: செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி முறை, ஒவ்வொரு முறையும் புதிய டயலைசர். ஆர்.ஓ. பரிசோதனை பற்றித் தொலைபேசியில் கேட்டேன். தேதி சொன்னார்கள். அதன் பிறகுதான் சீட்டு எடுத்தேன். நிக்காஹ் ஏற்கெனவே ஞாயிறன்றுதான் பேசப்பட்டிருந்தது, அது அல்லாஹ்வின் அருள். சம்பந்தியிடம் நானே பேசினேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தம் மூத்த சகோதரர் மலேசியாவில் நான்கு ஆண்டுகளாக இதே நிலையில் இருப்பதாகச் சொன்னார். அவர்களும் எங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம்.

திரும்பும் முடிவைத் தள்ளி வைத்துவிட்டேன். 675 நாள் கணக்கை எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

உம்மாவிடம் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன், தொண்டி லாத்தா எழுதியதைப் படித்த பிறகு நேற்றிரவே காணொளி அழைப்பில் சொல்லிவிட்டேன். கையைக் கேமராவுக்கு அருகில் காட்டினேன், அதிர்வைக் காட்ட முடியவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரமும் நீ தனியாகவா படுத்திருப்பாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இங்கே வரும்போது நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றார். டெக்னீஷியன் தம்பி, 78 வயதுக்காரரை உள்ளே விடுவார்களா?


இராம்நாடு டெக்னீஷியன்

ஐயா, ஊசி போடும்போதும் எடுக்கும்போதும் உள்ளே யாரையும் விடமாட்டார்கள். இடையில் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருக்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், மற்ற நேரம் வெளியே நாற்காலி இருக்கும். உள்ளே குளிர்சாதனம் அதிகம், உங்கள் உம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வாருங்கள், உங்களுக்கும் ஒரு போர்வை. சனிக்கிழமை ஆறே முக்காலுக்கே வந்துவிடுங்கள். முதல் நாள் எடை பார்க்கக் கைலியோடு வந்தால் மற்ற நாள்களும் கைலியோடே வாருங்கள், கால்சட்டை எடையை உங்கள் எடையாக நினைத்து நாங்கள் நீரைக் கூடுதலாக இழுத்துவிடக் கூடாது.